ஆஸ்துமா: எந்த அழற்சி என்று அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆஸ்துமா கட்டுரை எல்லோருக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் அந்த எளிமைக்காக இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வாமையால் மூச்சுக்குழாய்த் தசை சுருங்குவதுதான் ஆஸ்துமா என்று கட்டுரை முடித்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் ஊசிகளை எல்லா ஆஸ்துமாவுக்கும் பொதுவான தீர்வு போலவும் சொல்லிவிட்டது. இரண்டையும் நம்பி ஒரு நோயாளி முடிவெடுத்தால் ஆபத்து என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டுரையில் சொன்ன பாதை பொய்யில்லை. 1966-67இல் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்த ஐஜி-இ என்னும் எதிர்ப்புரதம், மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். தூசிப்பூச்சியின் கழிவோ மகரந்தமோ அதைத் தொட்டால் சில நிமிடங்களில் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் வெளியேறும், தசை இறுகும். 15 முதல் 30 நிமிடத்தில் இழுப்பு உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்றே ஆஸ்துமாவுக்குப் போதும். போதாது என்பது அனுபவத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பலருக்கு 4 முதல் 8 மணி நேரம் கழித்து இரண்டாவது இறுக்கம் வருகிறது. இதில் தசையின் பங்கைவிடக் குழாய்ச் சுவரின் வீக்கத்துக்கும் சளிக்கும் பங்கு அதிகம். ரத்தத்திலிருந்து ஈசினோபில் வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைந்து, தங்களிடமுள்ள நச்சுப் புரதங்களை உமிழ்ந்து, குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உள்வரிச் செல்களைச் சிதைக்கின்றன. சிறிய குழாயில் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை 16 மடங்காகும். சுவர் கொஞ்சம் தடித்தாலே மூச்சு அவ்வளவு முட்டுவதற்கு இதுதான் காரணம்.

ஐஜி-இ இல்லாமலேயே இந்த ஈசினோபில்கள் வந்து சேரும் வழியும் இருக்கிறது. கட்டுரையில் முழுக்க விடுபட்டது இதுதான். வைரஸ், புகை, மாசு எது தாக்கினாலும் உள்வரிச் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 என்னும் புரதங்களை அபாயச் சைகைகளாக அனுப்புகின்றன. 2010 வாக்கில் அடையாளம் காணப்பட்ட ஐஎல்சி-2 என்ற எதிர்ப்புச் செல்கள் அந்தச் சைகை கிடைத்ததும், எந்த ஒவ்வாமைப் பொருளையும் அடையாளம் காணாமலேயே ஐஎல்-5, ஐஎல்-13 என்னும் இரண்டு செய்திப் புரதங்களையும் சுரக்கின்றன. ஐஎல்-5 ஈசினோபில்களை வளர்த்து உயிரோடு வைத்திருக்கிறது. ஐஎல்-13 சளியைப் பெருக்குகிறது. நடுவயதில் முதன்முறையாக ஆஸ்துமா வந்து, தோல் பரிசோதனையில் ஒன்றுமே தென்படாமல், ரத்தத்தில் ஈசினோபில் மட்டும் எகிறி நிற்பவர்களை இந்த வழிதான் விளக்குகிறது. ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் தென்படவில்லை, ஆகவே ஆஸ்துமா இல்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

அழற்சியின் வகையை அளக்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெப்போலிசுமாப் ஊசியின் வரலாறே சாட்சி. ஐஎல்-5ஐத் தடுக்கும் இந்த ஊசியை 362 ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2007இல் வெளியானது. ரத்தத்தில் ஈசினோபில் குறைந்தது. நோயாளிக்கோ சொல்லும்படியான பலன் இல்லை. ஈசினோபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பே சந்தேகத்துக்கு உள்ளானது. 2009இல் இரண்டு சிறிய ஆய்வுகள் அதே மருந்தை எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றின. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் ஈசினோபில் குறையாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தன. அவற்றில் 61 பேர் கலந்துகொண்ட ஆய்வில், கடுமையான இழுப்பு ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக, போலி ஊசி போட்டவர்களுக்கு 3.4 முறையும் மெப்போலிசுமாப் போட்டவர்களுக்கு 2.0 முறையும் வந்தது. 2015இல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முதல் ஆய்வில் மருந்து தோற்கவில்லை. பலன் பெறக்கூடியவர்கள் மற்றவர்களுக்கிடையே கலந்து மறைந்துபோனார்கள். இந்த ஊசி எல்லோருக்கும் என்று எழுதும்போது 2007இன் தவறையே திரும்பச் செய்கிறோம்.

அளப்பது என்று சொல்லிவிடுவது சுலபம். அளவு எங்கே பிசகும் என்பதைத்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐஎல்-13 தூண்டும்போது மூச்சுக்குழாய்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் உண்டாக்குகின்றன. வெளிமூச்சில் அதை அளந்தால் பெரியவர்களுக்கு 100 கோடியில் 25 பங்குக்குக் கீழ் குறைவு, 50க்கு மேல் அதிகம். நடுவில் இருந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அடக்கி வைக்காமல், வினாடிக்கு 50 மில்லி என்ற ஒரே சீரான வேகத்தில் வெளிவிட வேண்டும். வேகம் கூடினால் அளவு பொய்யாகக் குறையும். லேசான எதிரழுத்தத்துக்கு எதிராக ஊதச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அப்போதுதான் அண்ணம் மேலெழுந்து மூக்கை அடைக்கும். மூக்கிலும் சைனஸ்களிலும் இந்த வாயு பல மடங்கு அதிகம். அது கலந்தால் எண் எகிறிவிடும். ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரியை முதலில் செய்துவிட்டு இதை எடுத்தால் அளவு குறைந்து தெரியலாம், ஆகவே இதுதான் முதலில். நைட்ரேட் மிகுந்த கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டிருந்தால் கூடும். புகைபிடித்தாலும் ஸ்டீராய்டு எடுத்தாலும் குறையும்.

ரத்த ஈசினோபிலில் இன்னொரு சங்கடம். ஒரு மைக்ரோலிட்டருக்கு 150, 300 என்ற எல்லைகளை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். இழுப்பு வந்து ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு ரத்தம் எடுத்தால் இந்த எண் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஈசினோபில் வகை இல்லை என்று சொல்வது சரியாகாது. மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய சீட்டுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையிலும் பிழை வரும்: குடற்புழு இருந்தாலே எண் கூடும்.

இருப்பதில் நேரடியான சோதனை சளிதான். முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடர்த்தி கூட்டிய உப்புநீர் ஆவியை இழுக்க வைத்து, இருமி வரும் சளியில் எச்சில் படாத கட்டிகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அதைக் கரைத்துச் சாயமேற்றி செல்களை எண்ணும்போது ஈசினோபில் 3 சதவீதத்தைத் தொட்டால் அதிகம். எச்சில் கலந்துவிட்டால் வாயின் தட்டைச் செல்களே நிறைந்து எண்ணிக்கை பயனற்றுப் போகும். உழைப்பு அதிகம் என்பதால் சில மையங்களில் மட்டுமே செய்கிறார்கள். வழக்கமான மருத்துவத்தில் இதைக் கைவிட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

கட்டுரை தசைச் சுருக்கத்தை அழற்சியின் விளைவாக மட்டும் காட்டியது. இறுக்கமே சேதத்துக்குக் காரணமாகவும் இருக்கலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ள தன்னார்வலர்களில் ஒரு பிரிவினருக்கு மெத்தக்கோலின் கொடுத்து மூச்சுக்குழாயைச் சுருங்க வைத்தார்கள். இது அழற்சி இல்லாத வெறும் சுருக்கம், ஈசினோபில் கூடவில்லை. ஆனாலும் சில நாளில் எடுத்த திசுத்துணுக்கில் உள்வரிக்கு அடியிலுள்ள கொலாஜன் பட்டை, ஒவ்வாமைப் பொருளை முகர்ந்தவர்களுக்குத் தடித்த அளவுக்கு ஏறக்குறையத் தடித்திருந்தது. முன்கூட்டியே தசைதளர்த்தி கொடுத்துச் சுருக்கத்தைத் தடுத்தபோது இந்த மாற்றம் வரவில்லை. 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ரோசன்பிளாட் குழு, சுருக்கத்தின்போது நெருக்கப்படும் உள்வரிச் செல்கள் பிதுங்கி உதிர்வதையும், அந்த உதிர்வே அழற்சியையும் சளியையும் தூண்டுவதையும் எலியிலும் மனித மூச்சுக்குழாய்த் திசுவிலும் காட்டியது. காடோலினியம் என்ற வேதிப்பொருள் எலிகளில் இந்த உதிர்வைத் தடுத்தது. அது மனிதருக்கான மருந்து ஆகிவிடவில்லை. எலிக்கு ஆஸ்துமா தானாக வருவதில்லை, நாம்தான் வரவழைக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், ஒவ்வொரு இழுப்பும் வந்துபோகிற ஒன்றல்ல, அடுத்ததற்கு வழி செய்துவிட்டுப் போகக்கூடும் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் உணர்த்துகின்றன.

அதனால்தான் கட்டுரையின் பெட்டிச் செய்தி கவலை தருகிறது. இழுப்பு வரும்போது சால்புட்டமால் இன்ஹேலர் போதும், அறிகுறி நின்றதும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தலாம் என்று அதில் இருக்கிறது. சால்புட்டமால் தசையைத் தளர்த்தும். சுவரின் வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் அதிகமாக உபயோகித்தால் அந்த மருந்து வேலை செய்யப் பற்றிக்கொள்ளும், தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளே குறைகின்றன. ஸ்டீராய்டோ செல்லின் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை அடக்குவதோடு, அந்த ஏற்பியை உண்டாக்கும் மரபணுவையும் தூண்டுகிறது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகத் தரக் கூடாது என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019இலேயே சொல்லிவிட்டது. தேவைப்படும்போது மட்டும் மருந்தை உறிஞ்சுவதானாலும், குறைந்த அளவு ஸ்டீராய்டும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரே அதன் முதல் பரிந்துரை. 200 முறை அடிக்கும் சால்புட்டமால் குப்பி ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே, நாளுக்கு இரண்டு முறைக்கும் குறைவுதான் என்றாலும், கடுமையான இழுப்புக்கான அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த இதழிலேயே அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி வெளியிடுங்கள். ஊசி போட்டுக்கொள்பவர்களும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். நெடுநாள் மாத்திரை சாப்பிட்டவருக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கலாம். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்