கொசுத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது.

போனில் முழுசாகப் பேச முடியவில்லை, அதான் எழுதுகிறேன். மலேரியாக் கொசுவின் மரபணுவை மாற்றும் ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள், அந்த மாற்றம் வழக்கம்போலப் பாதி வாரிசுகளோடு நிற்காமல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போய் இனம் முழுக்கப் பரவிவிடும், ஐம்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, இதில் கைவைக்கலாமா என்று கேட்டாய்.

நம்ம காரைக்குடியைச் சுற்றிப் பார்த்தாலே உன் பயம் புரிகிறது. சீமைக்கருவேலத்தைப் பரப்பியவர்கள் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, வறண்ட சீமையில் அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது. இன்றைக்குக் கண்மாய், ஊருணி, வரத்துக்கால் எங்கும் அதுதான். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினாலும், ஆடு தின்ற நெற்று புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைத்து நிற்கிறது. அதே மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இந்தப் பக்கம் இருக்கின்றன, அதனால் அது வந்தது நல்லதா கெட்டதா என்று இப்போதுகூட ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

ஆனால் பப்பாளி மாவுப்பூச்சியையும் நினைத்துப் பார். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, அடைத்துவைத்துச் சோதித்த பிறகு தோட்டங்களில் விட்டார்கள், பூச்சி அடங்கியது. அந்தக் குளவியையும் திரும்பப் பிடித்துவிட முடியாதுதான். ஆனால் அதற்கு அந்தப் பூச்சியை விட்டால் வேறு பிழைப்பில்லை, பூச்சி குறைந்தால் தானும் குறையும். கருவேலத்துக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. எதைச் செய்தாலும் அது எங்கே போய் நிற்கும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், நீ ஒதுங்கிக்கொண்டால் கை சுத்தம் என்று நினைக்காதே. வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் மலேரியாவில் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். ஐம்பது வருஷக் கணக்கை எவராலும் போட முடியாது, ஆனால் இந்தச் சாவு கண்முன்னே நடக்கிறது.

அதனால் சேர். சேர்ந்துகொண்டு கேள்: சில தலைமுறையில் தானே அடங்குகிற மாதிரி செய்ய முடியுமா, கொசுவை விடப்போகிற ஊர்ச் சனங்களிடம் கேட்டார்களா, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நிறுத்துவார்களா, விட்ட பிறகு இருபது வருஷம் கூடவே இருந்து பார்ப்பது யார், அதற்குப் பணம் எங்கே. இதற்கெல்லாம் பதில் இல்லாமலே விடத் துணிந்தால் கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவர்கள் சொன்னதைச் சுருக்காமல் சொல்லு.

அப்பச்சி