ட்ரைபாட்டும் ஆடும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கோயில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்கள் மட்டும் கலங்கியிருந்தால் அவர்கள் நகர்ந்தார்கள் என்று விட்டுவிடலாம். கோபுரத்து விளக்கே இரண்டிரண்டாகத் தெரிகிறதே, அது கேமரா ஆடியதால்தான். லென்ஸைக் குறை சொல்லாதே.

ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி, அதன் கால்களை நீட்டும்போது தடித்த மேல் பகுதியை முதலில் நீட்டு. அடியில் இருக்கும் மெல்லிய பகுதியைத் தொடாமல் முடிந்தால் நல்லது. நடுத்தண்டை உயர்த்தாதே, உயர்த்தினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக்காலில் நிற்கிற கதைதான். மழை பெய்த தோட்டத்துச் செம்மண்ணில் கால் மெல்லப் புதையும், ஷட்டர் 20 விநாடி திறந்திருக்கும் படத்தில் அது தெரிந்துவிடும். நன்றாக அழுத்தி இறக்கு, கொஞ்சம் பொறுத்து எடு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் போகவிடு. பழைய பலகை வீட்டுத் தரை இன்னும் மோசம், நீ கால் மாற்றி நின்றாலே அதிரும். எடைக்குப் பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி தரையில் படட்டும். காற்றில் ஊசலாடும் பை கேமராவையும் ஆட்டும்.

கோயிலுக்கு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் 8 விநாடி என்று தொடங்கு. விளக்கு வெளுத்தால் 4 விநாடி. ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வை, நீள லென்ஸுக்கு 10. லென்ஸில் இருக்கும் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடு. ஆடாத கேமராவில் அது தானாக ஆட்டத்தைத் தேடி, சில லென்ஸ்களில் படத்தைக் கெடுக்கும். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், ஒரு விளக்கை 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, பிறகு வளையத்தைத் தொடாதே. உன் டிஎஸ்எல்ஆரின் உள்கண்ணாடி எழும் அதிர்வு 1/30 முதல் 1 விநாடி வரையிலான படங்களில்தான் அதிகம் தெரியும். லைவ் வியூவில் கண்ணாடி முன்பே எழுந்திருப்பதால் அந்தத் தொல்லையும் குறையும்.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்பதற்கு, 500ஐ லென்ஸின் குவியத் தூர மில்லிமீட்டரால் வகுக்கச் சொல்வார்கள். ஃபுல் ஃப்ரேமில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், உச்சி வானத்து நட்சத்திரங்கள்தான் வேகமாகக் கோடு இழுக்கும். அதனால் 15 விநாடியிலேயே நிறுத்து.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க சம்பானில் ஏறினால் ட்ரைபாட் வேண்டாம். படகே ஆடும்போது அது எதைப் பிடித்து நிற்கும்? ஃபிளாஷும் போடாதே.

ஏர்கோன் அறையிலிருந்து கேமராவைப் பையோடு வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் திறக்காமல் வை, இல்லையென்றால் லென்ஸில் பனி படியும். தீபாவளிக்கு வரும்போது ட்ரைபாட் பிளேட்டை, அதாவது கேமராவை ட்ரைபாட்டில் பூட்டும் தட்டை, கேமராவிலேயே மாட்டிக்கொண்டு வா. அதை விட்டுவிட்டு வந்தால் இங்கே பட்டணத்துக் கடையில் கிடைக்காது.

அப்பா