சாம்பல் சிமென்ட்டைத் திட்டும் முன் எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் பக்கம் இருபது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். வீடு கட்ட வருபவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வதே, "சார், அந்தச் சாம்பல் சிமென்ட் மட்டும் வேண்டாம், சாம்பல் கலக்காத 53 கிரேடு போடுங்க" என்பதுதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் மாடியில் காயும் துணியில் படிவதைப் பார்த்தவர்கள், அதையே காசு கொடுத்து வாங்கித் தலைக்கு மேல் போடத் தயங்குவது புரிகிறது.

ஆனால் சாம்பல் சிமென்ட் எனப்படும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) மூட்டையில் இருப்பது கலப்படம் இல்லை. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரநிலையே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் சுண்ணாம்பு பிரிந்து சும்மா கிடக்கும். நுண்சாம்பல் அதைப் பிடித்துப் பசையாக்கி நுண்துளைகளை அடைக்கிறது, நாளாக ஆக ஒழுகல் குறைகிறது. அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு சுர்க்கி (செங்கல் தூள்) சேர்த்து அரைத்தார்களே, முல்லைப் பெரியாறு அணைகூட அப்படிக் கட்டியதுதான், அதே கணக்கு. சிமென்ட்டுக்கு மூலமான கிளிங்கரைச் சூளையில் எரிப்பது குறைவதால் கரியமில வாயுவும் மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதுவும் ஈரம் இருந்தால்தான். சாதா சிமென்ட்டுக்கு 7 நாள் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் நனைக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456. நம் ஊரில் மூன்றாம் நாளே ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுவோம். ஊருக்கு என்ன, என் வீட்டு சன்ஷேடிலேயே அந்தத் தப்பைச் செய்தேன். போர் வற்றிய சித்திரை மாதம், லாரித் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் அதை ஆணியால் கீறினால் மாவாக உதிர்கிறது. பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்திய மேல்தளமும் அதே சிமென்ட்தான், அங்கே ஆணிதான் மழுங்குகிறது.

அப்புறம் இன்னொரு கூத்து. மின் நிலையச் சாம்பல் குளத்துச் சாம்பலை லாரியில் இறக்கி, மூட்டைக்கு இரண்டு பாண்டு (இரும்புச் சட்டி) என்று சைட்டிலேயே கலக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மூட்டைக்குள் வருவது புகைபோக்கிக்குப் போகும் முன்பே பிடிக்கும் மாவு போன்ற உலர்சாம்பல். குளத்தில் கிடப்பது தண்ணீரோடு தள்ளிவிட்ட கொரகொரப்பான சாம்பல். பள்ளம் நிரப்பலாம், ரோட்டுக்கு மேடு போடலாம், சிமென்ட்டுக்குப் பதிலாகப் போடக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நல்ல மூட்டைக்கும் கெட்ட பெயர்.

உங்கள் வீடு-மனை பக்கத்தில் டைல்ஸ் விளம்பரங்களுக்கு நடுவே கியூரிங், அதாவது இப்படித் தண்ணீர் விட்டு நனைப்பது பற்றி ஒரு கால் பத்தி போட்டால் நன்றாக இருக்கும். சித்திரை வருவதற்குள் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர்,
மேட்டூர்