டார்ச் பிடித்த கை

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி. வேளைக்குச் சாப்பிடு.

நம் ஹெரால்டு கார் இன்ஜின் வேலை முடியப்போகிறது. பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் போட்டு ஹெட்டையும் இறக்கிவிட்டேன். மேனிஃபோல்டுதான் நாலு நாளாக இழுத்தடித்தது. ஹெட்டின் ஒரே பக்கத்தில், கலவை உள்ளே போகும் இன்லெட்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் சேர்ந்து உட்காரும் வண்டி அது, உனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே கிளாம்ப்தான் அழுத்திப் பிடிக்கிறது. ஒன்றின் முகம் நூலிழை தாழ்ந்திருந்தாலும் கிளாம்ப் மற்றதன்மேல்தான் உட்காரும், தாழ்ந்த பக்கம் காற்று இழுக்கும். ஸ்கேல் வைத்து, இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தேன், ஓரத்தில் உள்ளே போனது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, லேத்துக்காரரிடம் கொடுத்து, ஒரே மட்டமாக முகம் எடுத்து வாங்கி வந்தேன்.

பூட்டும்போது இரண்டையும் இணைக்கும் நடு நட்டுகளைத் தளர்வாகவே விட்டு, முதலில் ஹெட்டோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டும். பிறகுதான் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்க வேண்டும். முன்னாலேயே இறுக்கினால் வார்ப்பு விரிசல் விட்டுவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே மூச்சில் இறுக்காமல். இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயதில் 1-3-4-2 என்று ஃபயரிங் ஆர்டரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் என் கூட்டாளிகளிடம் அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தவன் நான்.

போன செவ்வாய் பதினொரு மணிக்கு அம்மா கூப்பிட்டபோது பின்னால் குக்கர் விசில் கேட்டதாம். லீவு போட்டிருக்கிறான் போல என்றாள். நானும் இருக்கும் என்றேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் கேட்டதாம். மருமகள் குரலும் முன்போல இல்லை என்கிறாள். நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவையாவது எடுக்கலாம், தம்பி. பெற்றவளுக்கு எத்தனை நாளைக்கு நான் பதில் சொல்வது? வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே.

இன்லெட்டில் காற்றுக் கசிவு இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. எண்ணெய் சொட்டாது, புகை வராது. ஐடிலிங் மட்டும் ஏறி இறங்கும். கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்போம், கோளாறு அங்கே இருக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்து, ஓட ஓட வால்வு கருகிப்போகும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

கேஸ்கெட் வைக்கும் முன்பு துவாரங்களில் எல்லாம் துணி அடைத்து, துணிகளை ஒரே நூலில் கட்டி வெளியே தொங்கவிட்டேன். அதைக் கட்டும்போது கை நின்றுவிட்டது.

2000ஆம் வருஷம் மே மாதம். உனக்குப் பதினாலு வயது. முன்பக்கம் முழுதும் தூக்கித் திறந்திருக்க, நீ டயர்மேல் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாய். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே சுத்தியல் அடிப்பதுபோல் கேட்டது. வாஷர் எதையோ இன்லெட்டுக்குள் போட்டுவிட்டாய் என்று பக்கத்து வீட்டு ஆட்கள் பார்க்க உன்னை அடித்தேன். நான் போடலப்பா என்றாய். பொய் வேறா என்று இன்னொன்று வைத்தேன். பிஸ்டன் போனது, வால்வு வளைந்தது. அம்மாவின் வளையல் விஷயம் உனக்கே தெரியும்.

அன்று ராத்திரி நீ தூங்கிய பிறகு உன் தேங்காய்த்தொட்டியை எடுத்து எண்ணினேன். நீ கழற்றி வைத்த நட்டும் வாஷரும் ஒன்றுகூடக் குறையவில்லை. கார்புரேட்டருக்கு அடியில் போடும் ஸ்பிரிங் வாஷர் இரண்டில் ஒன்றைத்தான் காணோம். அதைக் கழற்றியவன் நான். விழுந்தது என் கையிலிருந்து.

காலையில் சொல்லியிருக்கலாம். நீ இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாய். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ ஷெட் பக்கமே வரவில்லை. அவனுக்குப் படிப்பில் கவனம் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஏதாவது ஒன்று என்றால் என்னிடம் சொல்ல வராத பிள்ளையாக உன்னை ஆக்கியது அந்த ராத்திரிதானோ என்று இப்போது தோன்றுகிறது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன். தப்பு என்னுடையது, தம்பி. உன்னுடையது இல்லை.

நேற்று ஸ்டார்ட் செய்தேன். வேக்குவம் கேஜ் முள் பதினெட்டில் அசையாமல் நின்றது, கசிவு இல்லை. சூடாகி ஆறியதும் நட்டுகளை இன்னொரு சுற்று பார்க்க வேண்டும்.

போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் இந்த மாதம் முடிகிறது. திரும்பப் போடவில்லை. சேவிங்ஸ் கணக்கில் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். வண்டிக்கு இனி செலவு எதுவும் இல்லை.

அப்பா