செமினாருக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சுயாதீனத் திரைப்பட இயக்குநர்களைப் பற்றி எடுத்த செமினார் நல்லபடியாக முடிந்தது. மதிப்பெண்ணும் கொடுத்தாயிற்று. பாக்கி இருப்பது உங்களுக்கான நன்றி.

முதலில், மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமை எடுத்துக்கொண்ட மாணவிக்கு. பிறப்பு, படிப்பு, விருதுகள் என்று வழக்கமாக ஓடும் பிபிடியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவளோ, "இந்தப் படத்துக்குப் பணம் யார் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள். கோழிக்கோட்டில் 1984-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்த கதையை விவரித்தாள். எடுத்த படத்தைத் திரும்ப அந்த ஜனங்களிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். தமிழில் 1977-லேயே 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவரும் இவர்தான் என்றபோது வகுப்பில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. அவளுடைய அரைகுறை மலையாளத்துக்கு ஈடுகொடுத்து, அந்தக் காலத் திரையிடல்களைப் பற்றித் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்ன கோழிக்கோட்டுப் பெரியவருக்கும் எங்கள் வணக்கம்.

அதற்குப் பிறகு வந்த எவராலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அமெரிக்க இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் 1957-இல் வானொலியில் பேசி, கேட்டவர்கள் தபாலில் அனுப்பிய டாலர்களைக் கொண்டு முதல் படத்தைத் தொடங்கியது, பிறர் படங்களில் நடித்து வாங்கிய சம்பளத்தைச் சொந்தப் படங்களில் போட்டது எல்லாம் வந்தது. 'பதேர் பாஞ்சாலி'க்காக சத்யஜித் ராயின் மனைவி நகைகள் அடகுக்குப் போனதும், மேற்கு வங்க அரசு கொடுத்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் ஏறியதும் வந்தன. சாலைக் கணக்கைக் கேட்டு வகுப்பே சிரித்தது.

'கூழாங்கல்' அன்று பெரிய சண்டை. மேலூர்க்காரரான வினோத்ராஜின் படம், 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. தயாரிப்பில் விக்னேஷ் சிவன், நயன்தாரா பெயர்கள் இருக்கும்போது இதைச் சுயாதீனப் படம் என்று எப்படிச் சொல்லலாம் என்று ஒரு கட்சி. படத்தில் எதை எடுப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுத்தது யாரென்று பாருங்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மணி அடித்தும் எழுந்து போகாமல் வாதாடியவர்களுக்கு நன்றி.

ஆர்.பி. அமுதனின் 'பீ' படத்தைக் காட்டியவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைக் காட்டும் 2003-ஆம் ஆண்டு ஆவணப்படம் அது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவர் நிறுத்தச் சொன்னார். அவன் நிறுத்தவில்லை.

விக்கிப்பீடியாவை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புரொஜெக்டர் கொடுத்த இயற்பியல் துறைக்கும், கரண்டு போகும்போதெல்லாம் நாங்கள் கூப்பிடும் முன்பே வந்து நின்ற லேப் அண்ணனுக்கும், ஜன்னல்களை மறைக்க நாடகக் குழுவின் கறுப்புத் திரையை அவிழ்த்துக் கொடுத்தவர்களுக்கும், சாத்துகிற நேரம் தாண்டியும் நூலகத்தைத் திறந்து வைத்திருந்த அம்மாவுக்கும் நன்றி. சொந்த டிவிடிகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்த திரைப்படச் சங்கத்து ஐயாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கீறல் எதுவும் விழவில்லை, ஐயா, நான் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை பிள்ளைகளே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். பெட்டியில் கிடந்த வங்காளப் படங்கள் இரண்டை மட்டும் இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
திரைப்படப் பாட ஆசிரியர்