செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: டேனிஷ் காத்தாடியும் நம்ம ஊர்ப் பட்டறையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் அண்ணாச்சிமார்களே, சீசன் முடிந்த அசதியோடு வந்திருக்கும் காற்றாலைப் பணியாளர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான சங்கதிகள். ஆனி, ஆடி தவிர மற்ற மாதங்களில் செயற்குழு ஒழுங்காகக் கூடியது. காற்று அடிக்கிற மாதத்தில் நம்மில் எவன் தரையில் இருக்கிறான்? சந்தா பாக்கி போன வருஷம் மாதிரியேதான். பெயர் வாசிக்க மனமில்லை. பணகுடியில் சேப்டி பெல்ட் பரிசோதனை முகாம் நடத்தினோம். தையல் பிரிந்த ஒரு பெல்ட்டைக் கழிக்கச் சொன்னதற்கு, “அது ராசியான பெல்ட்” என்று ஒருவர் அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் நம் தலைவர் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் நாம் அதிகம் பேசியது டென்மார்க்கைப் பற்றி. மன்னார் வளைகுடாக் கடலில் காற்றாலை வரப்போகிறது, டென்மார்க் தொழில்நுட்ப உதவி செய்கிறது என்று செய்தி வந்ததும், “அவனுக்கும் நமக்கும் என்னவே சம்பந்தம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விசாரித்து வந்து சொல்லும்படி என் தலையில் கட்டினார்கள்.

சம்பந்தம் பழசு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் கடை விரித்தவர்கள் அவர்கள். அன்றைக்கு அவர்கள் தேடி வந்தது மிளகு. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நம் பிழைப்புக்கான சம்பந்தம் அதற்கும் ரொம்பப் பின்னால், 1980-களில் தொடங்கியது. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியம் சோதனைக் காத்தாடிகளை நிறுத்தியது. அப்புறம் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் உதவியோடு தமிழகத்திலும் குஜராத்திலும் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. வெஸ்டாஸ், மைக்கான் என்ற பெயர்கள் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்தன. மூன்று இறக்கை, நேரே மின்தொடரில், அதாவது கிரிட்டில், இணையும் ஜெனரேட்டர் என்ற அந்த அமைப்புக்கு மூலம், ஜோஹனஸ் யூல் என்பவர் 1957-இல் கெட்ஸர் என்ற ஊரில் நிறுத்திய 200 கிலோவாட் காத்தாடி. வெஸ்டாஸின் ஆரம்பமோ 1898-இல் லெம் என்ற சிற்றூரில் போட்ட ஒரு கொல்லன் பட்டறை. இதைப் படித்ததும் நம் பட்டறைக்காரர்களுக்கு வந்த தெம்பைச் சொல்லி முடியாது.

ஆனால் இயந்திரம் வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அவர்கள் ஊரில் கரண்ட் லைன் சும்மா சும்மா டிரிப் ஆகாது. இங்கே 90-களில் பீடர், அதாவது காத்தாடியைத் துணைமின் நிலையத்தோடு இணைக்கும் லைன், எப்போது போகும், எப்போது வரும் என்று ஜோசியன்கூடச் சொல்ல முடியாது. முழுக் காற்றில் சுற்றும்போது லைன் போனால், பிடித்துவைக்க லோடு இல்லாமல் இறக்கை வேகமெடுக்கும். பிரேக் ஓங்கிப் பிடிக்கும். அந்த அடி நேரே கியர்பாக்ஸில் இறங்கும். இந்திய மின்தொடரில் காற்றாலை படும் பாட்டை டென்மார்க்கின் ரிஸோ ஆய்வுக்கூடத்தார் தனியாகவே ஆராய்ந்தார்கள். நாம் அதைக் கியர் எண்ணெயில் கலந்து வந்த இரும்புத் தூளைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

வள்ளியூரில் நம் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் 225 கிலோவாட் மெஷினின் வரைபடத் தாள் ஒன்று இருக்கிறது. நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரமெல்லாம் கிரீஸ் விரல் ரேகை. அதில் டேனிஷ் எழுத்தில் ‘ப்ரெம்ஸ’ என்று இருக்கும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் “பிரேக்” என்று தமிழில் எழுதியிருக்கிறது. ‘விங்ங’ என்றால் அவர்கள் மொழியில் இறக்கை. நாமும் ‘றெக்கை’ என்றுதானே சொல்கிறோம்! இந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராது என்று ஒரு நிறுவனம் கைவிரித்தபோது, இந்தத் தாளை வைத்துத்தான் அவர் பிரேக் பேடும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தார். அந்தக் காத்தாடி இந்த ஆடியிலும் ஓடியது.

ஆவணியில் வேன் பிடித்துக் கயத்தாறு போய் வந்தோம். பிள்ளைகளுக்கு அது 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. அதை அமைக்கத் தொழில்நுட்பமும் பணத்தில் ஒரு பங்கும் தந்தது டானிடா. இரண்டு நாட்டு ஒத்துழைப்பு என்றால் என் கணக்கில் இதுதான். கப்பலில் பெட்டி இறக்குவது வியாபாரம், அளந்து பார்க்கும் வித்தையை இங்கே விட்டுப்போவது வேறு.

இனி வரப்போவது பெரிய அளவு. 2020 செப்டம்பர் 28-இல் இந்தியாவும் டென்மார்க்கும் பசுமைக் கூட்டாண்மை அறிவித்தன. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. அதில் தமிழகக் கடலுக்கு 500 மெகாவாட். இதற்கெல்லாம் முன்னால், 1995-இல் மேற்கு வங்கத்துப் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்ட வழக்கில் ஒருவரை ஒப்படைக்க டென்மார்க் மறுத்து, இரு நாட்டு உறவு சில வருஷம் கசந்தும் கிடந்தது. அப்போதும் ராதாபுரத்தில் காத்தாடி நிற்கவில்லை.

பேச்சில் துறைமுகம் வருகிறது, நிதி வருகிறது. 25 வருஷம் காத்தாடியில் ஏறி இறங்கினவன் மட்டும் வருவதில்லை. ஆகவே செயற்குழு தீர்மானித்தது இது: கடல் காற்றாலைப் பயிற்சி தமிழில், இந்த வட்டாரத்திலேயே நடக்க வேண்டும். ஒரு மாடலைக் கைவிடும் நிறுவனம் அதன் வரைபடத்தைப் பராமரிப்பவர்களுக்குத் தர வேண்டும். பழைய காத்தாடியைக் கழற்றிப் புதிது நிறுத்தும்போது அங்கே வேலை பார்த்தவர்களுக்கே முதல் இடம். உவரி, கூட்டப்புளிப் பக்கம் நம் உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் கடலுக்குப் போகிறவர்கள். வலை விரிக்கும் இடம் போய்விடுமோ என்று கேட்கிறார்கள். அவர்களிடம் பேசாமல் எதுவும் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதியாயிற்று. ஓர் இடத்திலிருந்து மட்டும் “பெற்றுக்கொண்டோம்” என்று ஒரு வரி வந்தது. கோப்பில் வைத்திருக்கிறேன்.

வள்ளியூர் வரைபடத் தாளை நகலெடுத்து லேமினேட் செய்த செலவு ‘இதர’ என்ற தலைப்பில் இருக்கிறது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.