குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்காக, சேலத்துக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

படம் எடுக்கப் போகும் மாணவர்களுக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவருடைய கல்லூரியில் படித்தவன் நான். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. இப்போது கல்யாண வீடியோக்களைத் தொகுத்துப் பிழைக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போது தம்பி தங்கைகளின் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். கையில் ஐயாயிரம் ரூபாய் இருப்பவனுக்குத்தான் தன் படத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் ஆசை வருகிறது என்பது என் அனுபவம். அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை, நானும் அப்படித்தான் போனேன்.

இறுதியாண்டில் நாங்கள் எடுத்த படம், வேற்றுக்கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டு மூச்சுக்காற்று தீர்ந்துபோகும் ஒரு விண்வெளி வீரனைப் பற்றியது. பெரிய பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை அறுத்து, பழைய ஹெல்மெட்டில் ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்துத் தலைக்கவசம் செய்தோம். உண்மையாகத் தெரிய வேண்டும் என்று கழுத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து, டேப்பால் இறுக்கி ஒட்டினோம். கதை நடக்கும் இடம், ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டிக் கொட்டிய ஒரு சரிவு. காவலாளி கண்ணில் படாமல் விடிவதற்குள் உள்ளே நுழைந்தோம். கல்லூரியில் அனுமதிக் கடிதம் கேட்டிருந்தோம். 'கேமரா எடுத்துப் போங்கள், கல்லூரிப் பெயர் மட்டும் எங்கேயும் வரக் கூடாது' என்பதே பதில்.

மூன்றாவது டேக்கில் நண்பன் தள்ளாடினான். கழுத்தைப் பிடித்தான், மண்டியிட்டான். மைக் பிடித்திருந்த என் காதுகளில் அவன் இரைப்பு அவ்வளவு அருகில் கேட்டது. ஒலி அருமையாக வருகிறது என்று நான் மகிழ்ந்தேன். இயக்குநர் 'அப்படியே, அப்படியே' என்று கிசுகிசுத்தான். நண்பன் குப்புற விழுந்த பிறகுதான் அது நடிப்பு இல்லை என்று எங்களுக்கு உறைத்தது. சுற்றிய டேப்பைக் கிழிப்பதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. வாந்தி எடுத்தான், அரைமணி நேரம் நிழலில் படுத்திருந்தான், பிறகு சரியாகிவிட்டது. யார் வீட்டிலும் சொல்லவில்லை. அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்தோம். துறை விழாவில் அந்தக் காட்சிக்குக் கைத்தட்டல் கிடைத்தது.

நடந்தது எளிய விஷயம். நாம் இழுக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். வெளியே விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம். அடைத்த ஜாடிக்குள் அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், பிறகு நினைவு தப்பும். இதற்கு மருந்து செலவில்லாதது: முன்பக்கக் கண்ணாடியையே கழற்றிவிட வேண்டும். தூரக் காட்சியில் கண்ணாடி இல்லாதது யாருக்கும் தெரியாது, கேமராவின் பிம்பமும் அதில் விழாது. கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்ற அண்மைக் காட்சிக்குத் தாடைக்குக் கீழே திறந்து விட்டு, கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி ஒன்றைப் பின்னால் பொருத்தி, ஒரு நிமிடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிவிடலாம். இதை எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருந்தார்கள். நாங்கள்தான் ஒளிந்து படம் எடுத்தோமே, யாரிடம் போய்க் கேட்பது?

நான் உங்களிடம் பேச வந்தது இந்த ஒளிவைப் பற்றித்தான். நீங்கள் கையெழுத்துப் போடாததால் எந்தப் படமும் நின்றுவிடவில்லை. அனுமதி கேட்டு நுழைய வேண்டிய இடத்தில் பிள்ளைகள் இருட்டில் நுழைகிறார்கள். விளிம்பு எங்கே சரியும், எந்தக் குழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாமல் நுழைபவனுக்கு எப்படித் தெரியும்? விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியாது. கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தயங்கவும் செய்வான். நாங்கள் அன்று தயங்கினோம்.

நம் மண்ணில் வேற்றுக்கிரகம் தேடுவது பிள்ளைகளின் கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். சந்திரயான் 2-க்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது, ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை பாறைகளைத்தான் எடுத்தது. அனார்த்தோசைட் என்று அதற்குப் பெயர். பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலாளர்களும் அதில் துணை நின்றார்கள். இஸ்ரோவே நம் கல்லை நிலவாக்கும்போது, மாணவன் வெள்ளைக்கல்லைச் செவ்வாயாக்கினால் என்ன? (செவ்வாய் சிவப்பு என்பது எங்களுக்கும் தெரியும். நிறத்தைத் தொகுப்பில் மாற்றிக்கொண்டோம்.) ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் தயாரித்த ஊர் இது என்று ஒவ்வொரு ஆண்டு விழா மேடையிலும் பெருமை பேசுகிறீர்கள். அந்தப் பெருமையில் ஒரு கையெழுத்து அளவுக்காவது பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர், பொறுப்பாசிரியர் எண். இடத்துக்கு உரியவருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, காட்டோரம் என்றால் வனத்துறைக்கு ஒன்று. பிவிசி குழாயில் செய்த லேசர் துப்பாக்கியை இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடுபவனைப் பார்த்து மலைக்கிராமத்து மக்கள் பயந்தால் தப்பு அவர்கள்மேல் இல்லை. டிரோன் பறக்கவிடுவதாக இருந்தால் முதலில் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது.

கடிதத்தைவிட முக்கியமாக இன்னொன்று கேட்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குப் படத்தில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. அவர் நடிகனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நிறுத்து என்றால் இயக்குநரும் நிற்க வேண்டும். அன்று எங்களில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் காட்சியைப் பார்த்தோம்.

உலர் பனிக்கட்டிப் புகை கேட்டு யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். உறையவைத்த கரியமில வாயுதான் அந்தப் பனிக்கட்டி. ஒரு கிலோ ஆவியானால் ஐநூறு லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். அது கனமானது, தரையோடு தங்கும். ஜன்னல் மூடிய காரில் அதை மலையேற்றுவது எங்கள் ஜாடியைவிட மோசம். ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் புகை எதற்கு? கொஞ்சம் காத்திருந்தால் மூடுபனி தானாக வரும்.

ஆனால் அந்த மூடுபனிதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயம் தருவது. இரவெல்லாம் விழித்துப் படம் எடுத்துவிட்டு, விடியலில் டிரைபாடை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பைக்கில் இரண்டு பேர் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குகிறார்கள். தலைக்கவசம் செய்யச் செலவழித்த அக்கறையில் பாதி அந்த இறக்கத்துக்குக் கிடைப்பதில்லை. இரவுப் படப்பிடிப்பு என்றால் தூங்கி எழுந்த பிறகே மலையிறங்க வேண்டும் என்று விதி வையுங்கள், அல்லது கல்லூரி வேனை அனுப்புங்கள். விளையாட்டு அணிக்கு அனுப்புகிறீர்கள்தானே.

அடுத்த மாதம் ஒரு குழு மலையேறுகிறது. அவர்களுடைய கடிதம் உங்களில் ஒருவர் மேசைமேல் மூன்று வாரமாகக் கிடக்கிறது. எங்கள் பழைய தலைக்கவசத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு செய்த பழைய மாணவன்
சேலம்